பொவாஸை விடாத கயாக்

என்னைவிட எட்டு வயது மூத்த ஒருவன், சாகிறவரைக்கும் என்னை "அம்மா" என்று கூப்பிட்டான். ஐம்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கடுப்பைச் சுமந்துகொண்டு திரிகிறேன். இன்றைக்காவது இறக்கி வைக்கிறேன்.

நான் பனிக்கடல் ஓரத்து மனீட்சோக் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். மீசை உண்டு. குரல் கொஞ்சம் முரடு. எவனாவது மீன் பெட்டியை நடுவழியில் போட்டுவிட்டுப் போனால், நான் போடுகிற சத்தத்தில் எதிர்ப் பாறையில் இருக்கிற காக்கை எழுந்து பறக்கும். அப்படிப்பட்டவனைக் கடை வாசலில், பத்துப் பேருக்கு நடுவில், தொந்தியும் வழுக்கையுமான ஒருத்தன் பார்த்து, "ஏம்மா, இந்தக் காத்துல தொப்பி இல்லாம வந்திருக்க? காது வலிக்கப் போகுதும்மா" என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

அவன் பெயர் பொவாஸ். அவனைப் பெற்றவள் ஒத்தீலியே. அவள் செத்தபோது அவனுக்கு எட்டு வயது. அந்த வருஷமே பக்கத்து வீட்டில் நான் பிறந்தேன். அவள் பெயரை எனக்கு வைத்தார்கள். ஆண் பிள்ளை என்பதால் ஒட்டோ ஆக்கினார்கள். எங்கள் பக்கம் செத்தவர் பெயர் பிள்ளைக்கு வந்தால் ஆளும் வந்த மாதிரி. அதனால் பொவாஸ் எங்கள் வீட்டுக்கு வந்து, தொட்டிலை எட்டிப் பார்த்து, "அம்மா வந்துட்டா" என்றானாம். யாரும் மறுக்கவில்லை. என்னைப் பெற்றவளும் மறுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆள் கிடைத்தால் எவள் மறுப்பாள்?

முதல் முதலாக அவன் ஒரு கடல்வாத்தைச் சுட்டபோது, அதைக் கொண்டுவந்து நாலு வயசுக்காரனான என் மடியில் வைத்தான். முதல் வேட்டை அம்மாவுக்கு. செத்த வாத்தின் தலை என் முழங்காலில் தொங்கியது. நான் வீறிட்டு அழுதேன். "பாருங்க, அம்மாவுக்குச் சந்தோஷத்துல அழுகையே வந்துருச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இதில் உண்மையான தொந்தரவு கூப்பிடுவது இல்லை, கேட்பதுதான். மகன் கேட்டால் அம்மா மாட்டேன் என்று சொல்ல முடியுமா? "அம்மா, படகு இன்ஜினைக் கொஞ்சம் பாரேன்." "அம்மா, சோபாவைப் பிடி, மாடிக்கு ஏத்தணும்." எல்லாம் செய்தேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். அவனும் சும்மா இருக்கவில்லை. அவன் நகராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டினான். எப்பேர்ப்பட்ட பனிப்புயல் ஓய்ந்தாலும் முதலில் சுத்தமாவது என் வீட்டு வாசல்தான். அங்கே தள்ளிய பனியெல்லாம் அவன் மச்சான் தீமொத்தேயுஸ் வீட்டு வாசலில் மலையாகக் குவியும். "மச்சான் முறைக்கு இது கூடச் செய்யலேன்னா எப்படி?" என்பான்.

தீமொத்தேயுஸ், பொவாஸின் மனைவி பிபியானேயின் அண்ணன். காயப்போட்ட மீனுக்குச் சட்டை மாட்டியது போல் இருப்பான். நடந்தால் முழங்கால் மடங்குவது தெரியாது. பிபியானே அதற்கு நேர் எதிர். உருண்டையான, வேகமான பொம்பளை. வாய் இன்னும் வேகம். பொவாஸைக் கட்டிக்கொண்ட அன்றே அவளுக்கு நான் மாமியார் ஆகிவிட்டேன். எனக்கு அப்போது வயது பதினேழு. கல்யாண விருந்தில் எல்லாருக்கும் முன்னால், "அத்தை, இன்னும் கொஞ்சம் கேக் வைக்கட்டுமா? உங்க மகன் உங்களைச் சரியாவே கவனிக்கலை போல, எலும்பும் தோலுமா இருக்கீங்க" என்றாள். அன்று ஆரம்பித்த "அத்தை" இன்றுவரை ஓயவில்லை.

இனி கயாக்குக்கு வருகிறேன்.

பொவாஸ் அந்த ஒற்றை ஆள் படகை முப்பது வயதில் தன் கையால் கட்டினான். கயாக் கடையில் வாங்கி உட்காருகிற சாமான் இல்லை. அது உடுப்பு மாதிரி, அவனவன் உடம்புக்கு அளவெடுத்துக் கட்டுவது. நீளத்துக்கு, விரித்த இரண்டு கைகள் மூன்று தடவை. அகலத்துக்கு இடுப்பும் இரண்டு முஷ்டியும். ஆழத்துக்கு ஒரு முஷ்டியும் நீட்டிய கட்டைவிரலும். உள்ளே காலை நேராக நீட்டிச் செருகினால், தொடைக்கு மேல் ஒரு வளைந்த கட்டை வந்து அழுத்தும். அந்தக் கட்டையைத் தொடையால் கவ்விக்கொண்டுதான் தண்ணீருக்குள் கவிழ்வதும் புரண்டு எழுவதும். இடம் தாராளமாக இருந்தால் எழ முடியாது. இறுக்கமாக இருந்தால் இறங்க முடியாது. முப்பது வயதில் பொவாஸ் வில் மாதிரி இருந்தான். கயாக்கும் அதற்கேற்ற அம்பு மாதிரி இருந்தது.

அப்புறம் முப்பது வருஷம் அவன் பனி வண்டியில் உட்கார்ந்தான். இறங்கிய நேரமெல்லாம் கேக் தின்றான். முதுகு நாற்காலி வடிவத்துக்கு வந்துவிட்டது. கயாக் மட்டும் அப்படியே அவன் வீட்டு முன்னறைக் கூரையில் தொங்கியது. அதன் மூக்கு கதவுக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து அவசரமாக வருகிறவர்கள் எல்லாரும் அதில் நெற்றியை இடித்துக்கொள்வார்கள். அந்த வீட்டுக்கு அதுதான் அழைப்பு மணி.

ஒரு பிப்ரவரியில் பிபியானே சூப் பானையோடு வந்து அதில் இடித்துக்கொண்டாள். பாதி சூப் என் மேல், பாதி தீமொத்தேயுஸ் மேல். நாங்கள் இரண்டு பேரும் காப்பி குடிக்க வந்திருந்தோம்.

"இன்னிக்கே இது வீட்டை விட்டுப் போகணும்!" என்று கத்தினாள். "முப்பது வருஷமா என் மண்டையில முட்டுது. கடைசியா எப்ப மனுசா இதுல நீ உக்காந்த?"

"இப்பத்தான்…" என்று பொவாஸ் ஆரம்பித்தான்.

"நம்ம கடைக்குட்டி பொறக்கறதுக்கு முன்னால. அவளுக்கே இப்ப ரெண்டு புள்ளை."

தீமொத்தேயுஸ் மீசையிலிருந்த சூப்பை நக்கிக்கொண்டே சொன்னான்: "எங்கிட்ட குடுத்துரு மச்சான். என் இடுப்புக்கு அது கச்சிதமா இருக்கும். யாருக்குப் பொருந்துதோ அவங்களுக்குத்தானே கயாக்கு."

"எனக்குப் பொருந்தும்."

"உனக்கா? உன் ஒரு தொடை உள்ள போனாலே இன்னொண்ணு வெளிய நின்னு காவல் காக்கணும்."

பொவாஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. கயாக்கைக் கீழே இறக்கினான். "அளவு பொய் சொல்லாது" என்று முஷ்டியை மடக்கினான். தன் இடுப்பைக் கயிற்றால் அளந்தான், இரண்டு முஷ்டி சேர்த்தான், கயாக்கின் குறுக்கே வைத்தான். கயாக்கின் இரண்டு பக்கமும் கயிறு தாராளமாக நீட்டிக்கொண்டு நின்றது. அதையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"சுருங்கிருச்சு" என்றான்.

"எது?"

"கயாக்கு. மரம் காஞ்சா சுருங்கும். அளவெடுத்தது என் இடுப்பு, அளந்தது என் முஷ்டி. ரெண்டும் எங்கிட்டயே இருக்கு. அப்ப மாறுனது எது? கயாக்குத்தான்."

"அத்தை, உங்க மகனைக் கேளுங்க" என்று பிபியானே என் பக்கம் திரும்பினாள். "இடுப்பு வளந்தது சரி. முஷ்டியும்ல பன்னு மாதிரி வளந்திருக்கு."

கடைசியில் அவளே தீர்ப்புச் சொன்னாள். ஜூலையில் அவனுக்கு அறுபது முடிகிறது. பிறந்த நாள் காப்பி விருந்து அன்றைக்கு, யாரும் கை வைக்காமல் அவனே கயாக்குக்குள் போக வேண்டும். ஒரு தடவை கவிழ்ந்து புரண்டு எழ வேண்டும். அவனே வெளியே வர வேண்டும். விருந்து முடிந்து அவள் கடைசிக் கப்பைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் இதெல்லாம் நடந்தால் கயாக் அவனுக்கு, கூரையில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தொங்கலாம். நடக்காவிட்டால் தீமொத்தேயுஸ் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம்.

"சரி" என்றான் பொவாஸ். தீமொத்தேயுஸ் அப்போதே கயாக்கின் மூக்கைத் தடவிக் கொடுத்தான், ஏதோ தன் நாய் மாதிரி. பொவாஸின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வேறு எதைக் கேட்டிருந்தாலும் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பான்.

மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு கயாக் கிளப்புக்குப் போனான். அங்கே இரண்டு கம்பங்களுக்கு நடுவில், தலைக்கு மேல், இரண்டு கயிறுகளை விறைப்பாகக் கட்டியிருப்பார்கள். அதில் தொங்கி, காலை மாட்டி, உடம்பைச் சுற்றி, தலைகீழாகப் போய் மறுபடி மேலே வர வேண்டும். கயாக்கில் புரள்கிறவனுக்குத் தரையில் இருக்கும் பள்ளிக்கூடம் அதுதான். சொல்லிக்கொடுப்பவள் நுக்காக்கா. தபால் அலுவலகத்தில் வேலை, கயிற்றில் ஏறினால் எலும்பே கிடையாது.

"முதல்ல இடுப்பைத் திருப்புங்க பொவாஸ்" என்றாள். "இடுப்பு எங்க இருக்குன்னு உணருங்க."

"அதைப் பாத்தே ரொம்ப நாளாச்சு" என்றான் கயிற்றில் தொங்கிக்கொண்டே. "இருக்கும், இங்கதான் எங்கயாவது இருக்கும்."

அன்றைக்குத் தொங்கினான். வேறு எதுவும் நடக்கவில்லை. இறங்கியதும் நுக்காக்கா உபாயம் சொன்னாள்: வீட்டில் எந்நேரமும் காலை நேராக நீட்டித் தரையில் உட்கார வேண்டும். அப்படியே குனிந்து மூக்கை முழங்காலுக்குக் கொண்டுவர வேண்டும். முதுகைப் பின்னாலும் சாய்க்க வேண்டும். தினமும் கொஞ்சம், வலிக்கிற இடத்துக்கு முன்னாலேயே நிறுத்தி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே. "உடம்பை அதட்டாதீங்க. கெஞ்சுங்க" என்றாள்.

பொவாஸ் கெஞ்சினான். உடம்பு கேட்கவில்லை. மூக்குக்கும் முழங்காலுக்கும் நடுவில் வயிறு உட்கார்ந்து நியாயம் பேசியது. அப்போதுதான் அவன் மண்டையில் அந்த யோசனை வந்தது. காய்ந்த மீன் துண்டு ஒன்றை முழங்கால் மேல் வைத்தான். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். வாயாலேயே கவ்வி எடுத்தால்தான் மீன்.

என்ன ஆச்சரியம்! கெஞ்சியும் குனியாத முதுகு மீனுக்குக் குனிந்தது. அடுத்த வாரம் மீன் கணுக்கால் பக்கம் நகர்ந்தது. ஏப்ரலில் கால் கட்டைவிரல்களுக்கு நடுவில் நின்றது. மூச்சை விட்டுச் சளக்கென்று குனிவான், கவ்வுவான், நிமிர்வான். சில நாள் மீன், சில நாள் திமிங்கிலத் தோல், ஞாயிற்றுக்கிழமை கேக்.

"வளையறான் அத்தை" என்று பிபியானே ஒருநாள் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். "ஆனா எவ்வளவு வளையறானோ அவ்வளவு பெருக்கறான்."

அதுதான் நடந்தது. பயிற்சி ஏற ஏறத் தீனியும் ஏறியது. முதுகு சவுக்கு மாதிரி ஆனது. இடுப்பு பீப்பாய் மாதிரி ஆனது. இப்படி ஒரு உடம்பை அதுவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக் கூடத்திலும் கயிறு கட்டச் சொன்னான். அம்மாதானே, கட்டினேன். ஒரு மாலை அவன் அதில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி, தலைகீழாக வந்து, கால் சிக்கி அப்படியே நின்றுவிட்டான். அந்த நேரம் பார்த்து வாசலில் டொக் என்று சத்தம். போதகர் நெற்றியைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார். தீமொத்தேயுஸின் பேத்தியைத் திருச்சபையில் சேர்க்கும் சடங்கைப் பற்றிப் பேச வந்தவர்.

"வாங்க போதகரே, உக்காருங்க" என்றான் பொவாஸ் தலைகீழாக. "நான் வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்."

போதகர் நல்ல மனுஷர். எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேச வசதியாகத் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் முடிச்சோடு மல்லுக்கு நின்றேன். பிபியானே இரண்டு பேருக்கும் கேக் கொண்டுவந்தாள். பொவாஸ் தலைகீழாகவே தின்றான்.

"தொண்டையில எறங்குதா?" என்று போதகர் கவலையாகக் கேட்டார்.

"ஏறுது" என்றான்.

அந்தச் சடங்கிலும் மானத்தை வாங்கினான். கோவிலில் பெண் பிள்ளைகள் மணி கோத்த மேலாடையோடு வரிசையாக நிற்கிறார்கள், எல்லாரும் கண் கலங்கி இருக்கிறோம். இவன் பெஞ்சில் உட்கார்ந்தபடி பயிற்சிக்காக இரண்டு காலையும் முன் பெஞ்சுக்கு அடியில் நீட்டிவிட்டான். முன்னால் இருந்தவன் தீமொத்தேயுஸ். ஜெபத்துக்கு எழுந்திருக்கச் சொன்னபோது அவன் எழுந்தான். அவன் ஒரு பக்கத்து ஷூ எழவில்லை. அது பொவாஸின் குதிகாலுக்குக் கீழே இருந்தது. தீமொத்தேயுஸ் குனிந்து எடுத்திருக்கலாம். ஆனால் அவனுக்குத்தான் குனிய வராதே. ஒற்றை ஷூவோடு ஜெபம் முடியும்வரை நின்றான்.

"ஜூலை வரட்டும்" என்று வெளியே வந்ததும் பல்லைக் கடித்தான். "அந்தக் கயாக்கை உன் கண்ணு முன்னாலயே தூக்கிட்டுப் போறேன்."

ஜூலை வந்தது. பிறந்த நாள் அன்று காலையிலிருந்தே பிபியானே வீட்டில் கூட்டம். எங்கள் காப்பி விருந்தில் யாரும் ஒட்டிக்கொண்டு உட்கார மாட்டார்கள். வருவார்கள், கேக்கும் காப்பியும் முடிப்பார்கள், அடுத்தவர்களுக்கு இடம் விட்டு எழுந்து போவார்கள். அன்றைக்கு எழுந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. மரப்படியில் இறங்கி, வீட்டுக்குக் கீழே இருக்கும் பாறைக் கரையில் போய் இடம் பிடித்தார்கள்.

பொவாஸ் பண்டிகை உடுப்பில் வந்தான். வெள்ளை மேல்சட்டை, கறுப்புக் கால்சட்டை. அதன்மேல் தண்ணீர் புகாத தலைமூடி அங்கி. இடுப்பிலிருந்து முழங்கால் வரை, சீல் என்கிற கடல்நாயின் கொழுப்பை அப்பியிருந்தான். வெயிலில் மினுமினுத்தான். ஊர் நாய்கள் எல்லாம் பின்னாலேயே வந்தன.

கயாக்கைத் தானே தண்ணீர் ஓரத்தில் வைத்தான். துடுப்பைப் பின்னால் பாறைக்குக் குறுக்கே ஊன்றினான். கயாக்கின் பின்தளத்தில் உட்கார்ந்து இரண்டு காலையும் நேராக உள்ளே விட்டான். தொடை வரை போனது. நின்றது. மூச்சை வெளியே விட்டான். ஒரு விரல் போனது. திரும்பவும் விட்டான். நாங்கள் எல்லாரும் சேர்ந்து மூச்சை விட்டோம். கொழுப்பு "புளக்" என்றது. உள்ளே போய்விட்டான்.

கரையே ஆரவாரம் செய்தது. அங்கியின் ஓரத்தைக் கயாக் வாயின் வளையத்தில் இழுத்து மாட்டினான். துடுப்பைத் தள்ளினான். கொஞ்ச தூரம் போய், எங்களைப் பார்த்து ஒரு கையை ஆட்டிவிட்டுக் கவிழ்ந்தான். கயாக்கின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. அப்புறம் மறுபக்கமாகத் துடுப்பு வந்தது, அதன் பின்னால் தோள், கடைசியாகத் தலை, சிரித்துக்கொண்டே. சீல் தலையைத் தூக்கிப் பார்ப்பது போல அவ்வளவு லேசாக. நுக்காக்கா துள்ளிக் குதித்தாள். "இடுப்பு! இடுப்பைப் பாருங்க! கண்டுபிடிச்சுட்டார்!"

கரைக்கு வந்தான். அங்கி ஓரத்தைக் கழற்றினான். துடுப்பை ஊன்றி இடுப்பைத் தூக்கினான்.

கயாக்கும் கூடவே எழுந்தது.

திரும்பத் தூக்கினான். திரும்ப எழுந்தது. கீழே வைத்தான். சுற்றிப் பார்த்தான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"என்ன அவசரம்?" என்றான். "இங்கயே சௌகரியமா இருக்கு. பிறந்த நாள் எனக்குத்தானே? வாழ்த்தறவங்க வரிசையா வாங்க."

வந்தார்கள். தண்ணீரில் கால் வைத்து, குனிந்து, கை குலுக்கிப் போனார்கள். யாரோ தட்டில் திமிங்கிலத் தோல் கொடுத்தார்கள். தின்றான். கேக் கொடுத்தார்கள். அதையும் தின்றான்.

"தின்னு மச்சான், நல்லாத் தின்னு" என்றான் தீமொத்தேயுஸ், பாறையில் குச்சி மாதிரி நின்றுகொண்டு. "நீ தின்னத் தின்ன எனக்கு வழி கிடைக்குது."

பொவாஸின் வாய் பாதி கேக்கோடு நின்றது. அந்தக் கேக்கை மட்டும் திருப்பிக் கொடுத்தான். அவன் வாழ்க்கையில் கேக்கைத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். முகத்தில் இருந்த சிரிப்பும் போய்விட்டது. கை மட்டும் கயாக்கின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

மேலே சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. கப்புகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. பிபியானே கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் யார் ஓடினார்கள் என்று தெரியாது. யாரோ ஒருவர் படியேறி, "எனக்கு இன்னொரு காப்பி!" என்றார். அடுத்து போதகர். அடுத்து நுக்காக்கா. காலையில் வந்து தின்றுவிட்டுப் போனவர்கள், நேற்றுதான் பிறந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரில் இது பெரிய மரியாதைக் குறைவு. அன்றைக்கு யாரும் வெட்கப்படவில்லை. மரப்படி முழுக்க வரிசை.

"ஏன், உங்க வீட்ல எல்லாம் காப்பித் தூளே கிடையாதா?" என்று பிபியானே கத்தினாள். "போதகரே, இது உங்களுக்கு எத்தனாவது?"

"தாகமா இருக்கு மகளே" என்றார் அவர், கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு.

காப்பித் தூள் தீர்ந்தது. பிபியானே வெந்நீரை ஊற்றினாள். அதையும் குடித்தார்கள். ஆனாலும் மனுஷ வயிற்றுக்கு ஓர் எல்லை உண்டு. ஒவ்வொருவராகக் கப்பை வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்பது போலக் கரையைப் பார்த்துவிட்டு எழுந்து கீழே போனார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு கப். அது என் கையில் இருந்தது.

"அத்தை, கப்பைக் குடுங்க" என்றாள் பிபியானே, ஈரக் கையை நீட்டி.

"இன்னும் ஒரு வாய் இருக்கு."

"அரை மணி நேரமா அந்த ஒரு வாய்தான் இருக்கு."

"சூடா இருக்கு."

"ஐஸ் மாதிரி இருக்கு! அதுல ஈ செத்து மிதக்குது!"

"எனக்கு ஈ பிடிக்கும்" என்றேன்.

அவளால் பிடுங்க முடியாது. யாருடைய கப்பைப் பிடுங்கினாலும் மாமியார் கப்பைப் பிடுங்குகிற மருமகள் எங்கள் கரையில் கிடையாது. முப்பத்தைந்து வருஷத்தில் அந்த உறவு எனக்கு உபயோகப்பட்டது அன்றைக்குத்தான். கப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். கீழே பொவாஸ் கயாக்குக்குள் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். தீமொத்தேயுஸ் கயாக்கின் மூக்கைப் பிடிக்கக் கையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ, ஃபோர்க்லிஃப்ட் சத்தத்துக்கு மேல் போடுகிற குரலைப் போட்டேன்: "டேய் மகனே! மூஞ்சியைத் தொங்கப் போடாதே! மூச்சை விட்டுட்டுப் பின்னால சாயுடா!"

கரை மொத்தமும் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அதுவரை நான் அவனை ஊர் முன்னால் மகனே என்று கூப்பிட்டதில்லை. தனியாகவும் கூப்பிட்டதில்லை. பொவாஸ் அண்ணாந்து பார்த்தான். வாயைப் பிளந்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் வயிற்றில் இருந்த காற்றெல்லாம் வெளியே போனது.

"இப்பத்தான்! கயித்துல செஞ்ச மாதிரி!" என்று நுக்காக்கா கத்தினாள்.

சிரித்துக்கொண்டே பின்னால் சாய்ந்தான். தலை பின்தளத்தில் படிந்தது. அறுபது வயது பீப்பாய் அப்படி மல்லாந்து படுத்ததைக் கண்ணால் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். கைகளைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தளத்தின் குறுக்கே கட்டிய வாரைப் பிடித்தான். இடுப்பை ஒருக்களித்தான். வயிறு முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்து வழி விட்டது. இழுத்தான். சேற்றில் மாட்டிய பூட்ஸ் வருகிற மாதிரி ஒரு சத்தம். இன்னொரு இழுப்பு. பீரங்கியிலிருந்து குண்டு வருவது போலப் பின்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு வந்து, முழங்கால் ஆழத் தண்ணீரில் விழுந்தான்.

எழுந்து நின்றான். இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

பொவாஸ் வந்துவிட்டான். கால்சட்டை வரவில்லை. உள்ளே போட்டிருந்ததும் வரவில்லை.

போதகர் சட்டென்று மலையைப் பார்க்கத் தொடங்கினார். நாய்கள் குரைத்தன. முதலில் பேசியவன் தீமொத்தேயுஸ்.

"செல்லாது! பாதி ஆள் இன்னும் உள்ள இருக்கான்!" என்று கயாக்குக்குள் கையைக் காட்டினான். "கால்சட்டையோட உள்ள போனவன் கால்சட்டையோட வரணும்!"

எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். தீர்ப்பு அவளுடையது. பிபியானே என் பக்கத்தில் வந்து, முழங்கையை ஊன்றி, கீழே நிற்பவனை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தாள்.

"அண்ணே" என்றாள், "முப்பத்தஞ்சு வருஷமா ரெண்டையும் நான்தான் துவைக்கறேன். எது பொவாஸு, எது கால்சட்டைன்னு எனக்குத் தெரியும். அங்க நிக்கறதுதான் பொவாஸு. முழுசா வந்திருக்கான்."

பிறகு என் கையிலிருந்து கப்பை மெதுவாக வாங்கி, ஈயைக் கொட்டி, கழுவிக் கவிழ்த்தாள்.

அந்தக் கோடை முழுவதும், பனி விழுகிறவரைக்கும், பொவாஸ் தினம் கயாக்கில் போனான். தோள்வார் வைத்த கால்சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டான். மாலையில் விரிகுடா நடுவில் துடுப்பை மடியில் போட்டு, பின்தளத்தில் தலையை வைத்து மல்லாந்து கிடப்பான். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சோபாவைக் கடலில் விட்டது போல் இருக்கும். தீமொத்தேயுஸ் தன் ஜன்னலில் நின்று அதைப் பார்ப்பான். பார்க்காத மாதிரியும் காட்டிக்கொள்வான்.

குளிர்காலத்தில் பொவாஸுக்கு நெஞ்சில் ஏதோ வந்தது. பனி வண்டியை வேறொருவன் ஓட்டினான். என் வாசலும் தீமொத்தேயுஸ் வாசலும் ஒரே மாதிரி கிடந்தன. மார்ச்சில் தலைநகர் நூக்கில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கூட்டிப் போனார்கள். அங்கிருந்து அவன் திரும்பவில்லை. கிளம்புகிற அன்று பையைத் தூக்க என்னைத்தான் கூப்பிட்டான். பிபியானே வெளியே வண்டியில் காத்திருந்தாள். முன்னறையில் கயாக்குக்குக் கீழே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

"அம்மா, இதை மச்சான் வீட்டு வாசல்ல கொண்டு போய் வச்சுரு."

"உனக்குக் கிறுக்கா? அவ்வளவு கூத்தடிச்சு ஜெயிச்சதை ஏன் அவனுக்குக் குடுக்கற?"

"அவன் தூக்கிட்டுப் போயிருந்தா எங்கிட்டருந்து போனதா ஆயிருக்கும். இப்ப நான் குடுக்கறேன். ரெண்டும் ஒண்ணா? பாவம்மா, ஜன்னல்லயே நிக்கறான்."

"சரி, வைக்கறேன்."

"கதவைத் தட்டாதே. காலையில எந்திரிச்சுப் பாக்கட்டும்." அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. "ஒல்லிப் பய, சர்ருன்னு உள்ள போயிருவான். ஆனா மரக்கட்டை, பின்னால சாய வராது. எப்படி வெளிய வர்றதுன்னு உங்கிட்ட வந்து கேப்பான்."

"கேட்டா?"

"ஒரு வாரத்துக்குச் சொல்லாதே."